சென்ட்ரலுக்கும் செந்தூலுக்கும் நடுவே

சில ஆண்டுகளுக்கு முன், தலைநகரில் நடந்த ஒரு தமிழ் மாநாட்டுக்கு முதல் நாள் மாலை. செந்தூல் இலகு இரயில் நிலையத்தின் படிக்கட்டருகே பெரியவர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். காலடியில் ஒரு பெட்டி, தோளில் துணிப்பை, கையில் அழைப்பிதழ். மழையில் நனைந்த வேட்டி காலோடு ஒட்டியிருந்தது. என்னைக் கண்டதும், "தம்பி, இது சென்ட்ரல்தானே?" என்று கேட்டார்.

"இல்லைங்கய்யா, இது செந்தூல்."

"அதைத்தானே நானும் சொன்னேன்!" என்றார் அவர்.

நடந்தது இதுதான். சென்னை சென்ட்ரலைச் சொல்லிப் பழகிய நாக்கு அவருடையது. கே.எல். சென்ட்ரலுக்குப் போக வேண்டும் என்று வாடகைக்கார் ஓட்டுநரிடம் சொல்லியிருக்கிறார். ஓட்டுநரின் காதில் அது 'செந்தூல்' என்று விழுந்திருக்கிறது. இருவர் மீதும் குற்றமில்லை. ஆனால் அந்த அழைப்பிதழைப் புரட்டிப் பார்த்தேன். திறப்பு விழாவுக்கு யார் தலைமை, யார் முன்னிலை, யார் வாழ்த்துரை என்று பக்கம் பக்கமாக இருந்தது. வருகிறவர் எந்த நிலையத்தில் இறங்க வேண்டும், எங்கே தங்கலாம், வழி தவறினால் யாரை அழைக்கலாம் என்று ஒரு வரிகூட இல்லை.

தமிழ் மாநாடுகளை நடத்துவதில் நமக்கு அனுபவம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1964-இல் புதுடில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியது. அடுத்த இரண்டே ஆண்டுகளில், 1966 ஏப்ரலில், தனிநாயகம் அடிகளாரின் பெருமுயற்சியால் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்த ஊர் கோலாலம்பூர். அடிகளார் அப்போது நம் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் பேராசிரியர். பிறகு 1987-இல் ஆறாவது மாநாடு, 2015-இல் ஒன்பதாவது, 2023 ஜூலையில் பதினோராவது என்று நம் ஊர் திரும்பத் திரும்ப விருந்தோம்பியிருக்கிறது. 2001-இலும் 2013-இலும் தமிழ் இணைய மாநாடுகளும் இங்கே நடந்தன.

அனுபவம் கூடியிருக்கிறது, வழியும் கூடவே நீண்டிருக்கிறது. 1966-இல் பேராளர்கள் வந்திறங்கிய காலத்தில் விமான நிலையம் சுபாங்கில் இருந்தது. 1998 முதல் அது சிப்பாங்கில் இருக்கிறது. அங்கிருந்து கே.எல். சென்ட்ரல் வரை தண்டவாளத்தின் நீளம் ஏறத்தாழ 57 கிலோமீட்டர். விரைவு இரயில் அரைமணி நேரத்தில் கொண்டுவந்து விடும். ஆனால் ஒருவழிக் கட்டணம் 55 ரிங்கிட். சொந்தக் காசில் வரும் ஓர் ஆய்வு மாணவருக்கு இது சிறு தொகையா? இதைவிடப் பன்மடங்கு மலிவான பேருந்து அதே நிலையத்திலிருந்து புறப்படுகிறது என்பதை அவருக்கு யார் சொல்வது?

இன்னொரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். 'செந்தூல்' என்ற பெயரில் எத்தனை நிலையங்கள் தெரியுமா? இலகு இரயிலில் செந்தூல், செந்தூல் தீமோர் என்று இரண்டு. கொமுட்டரில் ஒரு செந்தூல். 2023 மார்ச்சில் திறந்த புத்ராஜெயா தடத்தில் செந்தூல் பாராட். இங்கே பிறந்து வளர்ந்தவர்களே ஒரு கணம் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். 'யுனிவர்சிட்டி' என்ற நிலையமோ பல்கலைக்கழகத்துக்குள் இல்லை. அங்கே இறங்கிப் பேருந்து பிடித்துத்தான் வளாகத்துக்குள் வரவேண்டும். பெயரை நம்பி இறங்கி, வெயிலில் பெட்டியை இழுத்துக்கொண்டு நெடுஞ்சாலை ஓரம் நடந்தவர்களை நான் அறிவேன்.

"இப்போதுதான் கைப்பேசி இருக்கிறதே, வண்டியை அழைத்தால் வாசலுக்கே வருமே" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வரும். ஆனால் வந்திறங்கிய முதல் மணி நேரத்தில் வெளிநாட்டவரிடம் உள்ளூர் இணைப்பு இருக்காது. மாலை மழையில் கட்டணம் இரட்டிப்பாகும். அறுபதைக் கடந்த ஒரு தமிழாசிரியைக்கு அந்தச் செயலி பழக்கமில்லாமலும் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, நாளை காலை அரங்கம் எந்த வாசல் பக்கம் என்பது செயலிக்குத் தெரியாது, நமக்குத்தான் தெரியும்.

தங்கும் இடத்தின் கதையும் இதுதான். சிறப்பு விருந்தினர்களுக்கு நட்சத்திர விடுதி உண்டு. மற்றவர்களுக்கு 'சொந்த ஏற்பாடு' என்ற இரண்டு சொற்கள். மலிவான அறைகள் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் கிடைக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு வருவார்கள். வெளிநாட்டவர் ஒவ்வோர் இரவும் அறைக்குப் பத்து ரிங்கிட் சுற்றுலா வரி கட்ட வேண்டும் என்பது 2017 முதல் நடப்பில் உள்ள விதி. அதைக்கூட முகப்பில் நின்றுதான் தெரிந்துகொள்கிறார்கள். ஒரு மாநாட்டில், வட மாநிலத்துத் தோட்டப்புறப் பள்ளியிலிருந்து வந்த ஆசிரியை ஒருவர் கடைசிப் பேருந்துக்காகத் தம் அமர்வின் கலந்துரையாடலுக்கு முன்பே எழுந்து போனதைப் பார்த்தேன். இரவு தங்க அவருக்கு இடமில்லை. காலையில் பிரமுகர் ஒருவர் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்ததால் எல்லா அமர்வுகளும் தள்ளிப்போயிருந்தன. அந்தத் தாமதத்தின் விலையைக் கட்டியவர் அந்த ஆசிரியைதான். அடுத்த முறை அவர் வருவாரா? வரமாட்டார். செலவு செய்யக்கூடியவர்கள் மட்டுமே கட்டுரை படைக்கும் மாநாடாக அது மெல்ல மாறிவிடும். இதுவே என் கவலை.

என் தாத்தா செந்தூல் இரயில்வே பட்டறையில் வேலை செய்தவர். இரயில்வே குடியிருப்பில் அவர்களுக்கு இருந்தது சின்ன வீடு. தோட்டத்திலிருந்து பெரிய மருத்துவமனைக்கு வருகிறவர்கள், தேர்வு எழுத வருகிற பிள்ளைகள், வேலை தேடி வருகிறவர்கள் என்று எல்லாரும் அந்தக் கூடத்தில்தான் பாய் விரித்தார்கள் என்று பாட்டி சொல்வார். யாரும் அதை விருந்தோம்பல் என்று பெயரிட்டு மேடையில் பேசவில்லை.

அன்று மாலை அந்தப் பெரியவரை நான் வீட்டுக்குத்தான் அழைத்துப் போனேன். "இந்த மழையில அவரு எங்கப்பா போவாரு? இங்கேயே படுக்கச் சொல்லு" என்றார் அம்மா. தோசை சாப்பிட்ட பிறகு பாட்டி அவருடைய ஊரைக் கேட்டார். நாமக்கல் பக்கம் என்றார். பாட்டியின் தாயாரும் அந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர்தான். ஊர்ப் பெயரைச் சொல்லி, அங்கே ஒரு ஏரி உண்டாமே, தண்ணீர் நிற்கிறதா என்று பாட்டி கேட்டார். பத்து மணிவரை இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நட்சத்திர விடுதியில் அவர் தங்கியிருந்தால் இந்த உரையாடல் நடந்திருக்காது. மறுநாள் காலை நானும் அவரும் ஒன்றாக இரயில் ஏறினோம். மஸ்ஜிட் ஜாமெக்கில் தடம் மாறி, யுனிவர்சிட்டியில் இறங்கி, பேருந்து பிடித்து எட்டு மணிக்கெல்லாம் அரங்க வாசலில் நின்றோம்.

வீடுகளில் தங்கவைப்பதில் சிக்கல் இல்லையா? உண்டு. செந்தூலில் பாதிப்பேர் அடுக்குமாடியில் இருக்கிறோம், அறைகள் சிறியவை. வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கு விருந்தினர் ஒரு சுமை. பெண் பேராளர்களின் பாதுகாப்பை யார் பொறுப்பேற்பது என்ற கேள்வியும் நியாயமானதே. அறிமுகமில்லாத வீட்டில் தங்கக் கூச்சப்படுகிறவர்களும் இருப்பார்கள். எனவே இதை யார் மீதும் திணிக்கக் கூடாது. விரும்பும் குடும்பங்களைப் பேரவை முன்கூட்டியே நேரில் கண்டு பதிவு செய்யட்டும். பெண்களுக்குப் பேரவை நன்கறிந்த குடும்பங்களை மட்டும் ஒதுக்கட்டும். உணவுச் செலவுக்கு ஒரு சிறு தொகையைக் குழு கொடுக்கட்டும்.

கூச்சப்படுகிறவர்களுக்கு மாணவர் விடுதிகள் இருக்கின்றன. மாநாட்டை விடுமுறைக் காலத்தில் வைத்தால் அறைகளைக் கேட்டுப் பெற வாய்ப்புண்டு. மண்டபத்துக்குத் தேதி பார்க்கும்போதே விடுதிக்கும் தேதி பார்க்க வேண்டும்.

பயணத்துக்கு ஒரே ஒரு பக்கம் போதும். நிலையப் பெயர்களைத் தமிழிலும், பெயர்ப்பலகையில் உள்ளபடி ரோமன் எழுத்திலும் அச்சிடுங்கள். 'சென்ட்ரல் வேறு, செந்தூல் வேறு' என்பதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். ஜொகூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பேருந்தில் வருகிறவர்கள் பண்டார் தாசேக் செலாத்தான் முனையத்தில் இறங்கினால், அங்கிருந்து இலகு இரயிலில் தடம் மாறாமலே செந்தூலுக்கு வந்துவிடலாம். இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்? அந்த முனையத்திலும் கே.எல். சென்ட்ரலிலும் முதல் நாள் முழுக்க இரண்டு மாணவர்கள் பெயர்ப்பலகையோடு நிற்கட்டும். திறப்பு விழாவில் பூச்செண்டு ஏந்தி வரிசையில் நிற்பவர்களில் நான்கு பேரைக் குறைத்தால் போதும்.

கடைசியாக ஒன்று. நிகழ்ச்சியைக் குறித்த நேரத்தில் முடியுங்கள். இரவு விருந்தில் ஐந்தாவது வாழ்த்துரை நடந்துகொண்டிருக்கும்போது, பின்வரிசையில் ஒருவர் கடைசி இரயிலை எண்ணிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் காதில் எந்தத் தமிழும் ஏறாது.

பேரவை நண்பர்களே, அடுத்த மாநாட்டுக்கான முதல் கூட்டத்தில், மேடை அலங்காரத்துக்கு முன்பாகத் தங்குமிடத்தையும் பயணத்தையும் நிகழ்ச்சி நிரலில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முன்னாள் மாணவர்கள் செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் இருக்கிறோம்; எங்களைக் கேளுங்கள். எங்கள் வீட்டுக் கூடத்தில் இருவர் படுக்கலாம். மின்விசிறி உண்டு. இரயில் நிலையத்துக்கு நடந்தே போகலாம். முதல் பெயராக என் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.