அடுத்த கவுன்சிலர்கிட்ட குளோரின் பதிவேட்டைக் கேளுங்க

கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

2022 மார்ச்சில் பொறுப்பேற்ற நகர்ப்புற உள்ளாட்சி மன்றங்களின் 5 வருஷம் 2027 தொடக்கத்துல முடியுது. யார் நிக்கப் போறாங்க, யாருக்கு சீட்டுன்னு டீக்கடையில பேச்சு ஆரம்பிச்சாச்சு. நான் நிக்க முடியாது, அரசு ஊழியர் நடத்தை விதி இடம் கொடுக்காது. யாருக்கும் ஓட்டும் கேட்கல. நிக்கப் போறவங்ககிட்ட என்ன கேட்கணும்னு மட்டும் எழுதறேன்.

முதல்ல, "நான் நேர்மையானவன்"னு வர்ற வேட்பாளர். நல்லது, வாழ்த்துகள். ஆனா எனக்கு அது போதாது. ஆஸ்பத்திரியில நோயாளிக்கு ஊசி போட்டா எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்குன்னு கேஸ் ஷீட்ல எழுதிக் கையெழுத்து போடணும். "நான் நல்லவன், நம்புங்க"ன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. பிரசவத்துல ஒரு தாய் இறந்துட்டா கலெக்டர் நடத்துற ஆய்வுல கேஸ் ஷீட்டோட உட்காரணும். எத்தனை மணிக்கு வந்தாங்க, யார் பார்த்தீங்க, ரத்தம் எப்ப கேட்டீங்கன்னு நிமிஷக் கணக்குல கேள்வி வரும். அது சரிதான், வரணும்.

அதே தாய் குடிச்ச தண்ணிக்கு யார் கேஸ் ஷீட் எழுதறாங்க?

ஹெபடைட்டிஸ் ஈ பத்தி சொல்றேன். சாக்கடை கலந்த குடிநீர்ல பரவுற மஞ்சள் காமாலை. பெரும்பாலானவங்களுக்குத் தானா சரியாகிடும். கர்ப்பிணிக்குக் கடைசி மூணு மாசத்துல வந்தா 20-25% பேர் வரை இறக்கலாம்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. கிருமி உள்ள போனதுக்கும் கண்ணு மஞ்சளாகறதுக்கும் நடுவுல 2 முதல் 10 வாரம். அந்தப் பொண்ணு என் முன்னாடி வந்து உட்காரும்போது, உடைஞ்ச பைப்பை அடைச்சு அது மேல ரோடே போட்டிருப்பாங்க. அன்னைக்கு அந்தத் தெருவுல என்ன தண்ணி வந்துச்சுன்னு சொல்ல மிச்சம் இருக்கறது ஒரே சாட்சி, குளோரின் பதிவேடு.

விஷயம் ரொம்ப சின்னது. தொட்டியில இல்ல, தெருக் கடைசி வீட்டுக் குழாயில லிட்டருக்கு குறைஞ்சது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கணும். குழாய்த் தண்ணியைப் பிடிச்சு சொட்டு மருந்து விட்டா மஞ்சளாகும், கலர் அட்டையோட ஒப்பிட்டுப் பார்க்கணும், அவ்வளவுதான் டெஸ்ட். பிளீச்சிங் பவுடர் வாங்கின பில் ஆபீஸ்ல பக்காவா இருக்கும். பவுடர் பழசாகி வீரியம் போயிருந்தாலும் பில் அதேதான். பில் உண்மையான்னு சொல்றது கடைசி வீட்டுக் குழாய். அதனாலதான் அந்தப் பதிவேட்டை வெளிய காட்ட மாட்டேங்கறாங்க.

நான் வேலை பார்த்த ஒரு ஊர்ல ஒரே ஏரியாவுல இருந்து அடுத்தடுத்து காமாலை கேஸ் வந்தப்ப அந்தப் பதிவேட்டைக் கேட்டேன். "சார், அது ஆபீஸ் ரெக்கார்டு"ன்னு பதில். ஊர் பேர் வேண்டாம், உங்க ஊர்லயும் இதே பதில்தான் கிடைக்கும்.

சட்டம் என்ன சொல்லுது? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(1)(ஆ). பட்ஜெட், செலவு, யாருக்கு என்ன அனுமதி உட்பட 17 தலைப்புல விவரங்களை யாரும் மனு போடாமலே அலுவலகம் தானா வெளியிடணும். நாம 10 ரூபா கட்டி 30 நாள் காத்திருக்கறதே, அவங்க அந்தக் கடமையைச் செய்யாததாலதான்.

ஏரியா சபை இன்னொரு கதை. கிராமத்துக்கு கிராம சபை மாதிரி நகரத்துக்கு இது. விதிகள் 2022லதான் வந்துச்சு, அந்த நவம்பர் 1 அன்னைக்கு முதல்வரே பம்மல்ல கலந்துகிட்டார். அதுக்கப்புறம் உங்க தெருவுல எத்தனை தடவை நடந்துச்சு? நோட்டீஸ் யாருக்கு வந்துச்சு? ஏரியா பிரதிநிதியை நாம தேர்ந்தெடுக்கல, மன்றம் நியமிக்குது. கேள்வி கேட்க வேண்டியவரை, கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவங்களே நியமிக்கற ஏற்பாடு.

"கவுன்சிலருக்கு என்னங்க அதிகாரம், எல்லாம் கமிஷனர் கையில"ம்பாங்க. பாதி உண்மை. ஆனா கூட்டத்துக்கு முன்னாடி அஜெண்டா அவர் கைக்கு வருது. அதை போட்டோ எடுத்து வார்டு வாட்ஸ்அப் குரூப்ல போட யார் அனுமதி வேணும்? பொங்கல் வாழ்த்து போடத் தெரியுது, பிறந்தநாள் பேனர் போடத் தெரியுது. எந்த ரோடு, எவ்வளவு ரூபா, காண்ட்ராக்டர் யார்னு போட மட்டும் போன்ல சார்ஜ் இருக்காது!

"ஓட்டுக்குக் காசு வாங்கறவனுக்குக் கணக்கு கேட்க என்ன யோக்கியதை"ன்னு அபார்ட்மெண்ட்வாசிங்க சிலர் வருவீங்க. காசு வாங்கினவங்க வீட்டுக் குழந்தையும் அதே தண்ணியைத்தான் குடிக்குது. நீங்க கேன் வாட்டர். கணக்கு கேட்கற உரிமை ஓட்டு போட்டவன், போடாதவன், வாங்கினவன் எல்லாருக்கும் உண்டு. 1994 டிசம்பர்ல ராஜஸ்தான் கோட் கிரானாவுல, ஏழைக் கூலித் தொழிலாளிங்க நடுவுல அரசு வேலைக் கணக்கைச் சத்தமா வாசிச்சாங்க. கேட்டுட்டு இருந்த ஜனங்களே எது பொய்னு எழுந்து சொன்னாங்க. அந்தப் போராட்டங்கதான் 2005 சட்டத்துக்கு வழி போட்டுச்சு. படிச்சவங்க ஆரம்பிச்சுக் கொடுத்த வரம் இல்ல அது.

உத்திரமேரூர் குடவோலைப் பெருமை பேசாத மேடையே கிடையாது. அதே கல்வெட்டுல இன்னொன்னும் இருக்கு. வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவங்க பேரும், அவங்க நெருங்கின சொந்தக்காரங்க பேரும் குடத்துலயே விழக் கூடாது. (அது நிலமும் வேதப் படிப்பும் இருந்த பிராமணர்களுக்கு மட்டுமான சபை. அந்தப் பூட்டு நமக்கு வேண்டாம்.) குடத்தைப் படம் வரைஞ்சு மாட்டறோம், கணக்கு வரியை மட்டும் யாரும் வாசிக்கறதில்ல.

அதனால வேட்பாளர் கைகூப்பிட்டு வர்றப்ப, சால்வை வேண்டாம், மூணு விஷயம் எழுதிக் கையெழுத்து போட்டுக் கொடுக்கச் சொல்லுங்க. தெருக் கடைசிக் குழாயோட குளோரின் அளவு தினமும் போர்டுல வரணும். ஒவ்வொரு மன்றக் கூட்ட அஜெண்டாவும் கூட்டத்துக்கு முன்னாடியே வார்டு மக்களுக்கு வரணும். நம்ம வார்டு வேலைக்கு பில் பாஸ் ஆகறதுக்கு முன்னாடி எம் புக் நகலை ஏரியா சபையில வாசிக்கணும். ரோடு எத்தனை மீட்டர்னு அந்தத் தெருக்காரங்களே டேப் வச்சு அளந்து பார்த்துப்பாங்க.

பெண் வார்டா இருந்தா கையெழுத்தை அந்த அம்மாகிட்டயே வாங்குங்க. வீட்டுக்காரர் பேனாவை எடுத்தா கொடுக்காதீங்க.