தலைவரா, கங்காணியா?

"இன்றைய மாணவரிடம் தலைமைத்துவம் இல்லை" என்னும் முறைப்பாடு பரிசளிப்பு விழா மேடைகளில் ஆண்டுதோறும் ஒலிக்கின்றது. ஒலித்த கையோடு பயிற்சிப் பட்டறை ஒன்றும் ஏற்பாடாகின்றது. ஆனால், தலைமை தாங்குவதற்கான வாய்ப்பை நமது இடைநிலைப் பாடசாலை மாணவர்க்கு என்றேனும் வழங்கியதா என வினவுவோர் மிகச் சிலரே.

மாணவ முதல்வர்கள் இருக்கின்றார்களே என்பர். அவர்கள் செய்வது யாது? பிந்தி வந்தோரின் பெயரைக் குறித்தல், வரிசையை நேராக்குதல், ஆசிரியர் இல்லாத வகுப்பில் சத்தத்தை அடக்குதல். தெரிவு செய்பவர் அதிபர். பொறுப்புக் கூறுவதும் அதிபருக்கே. இதற்குத் தமிழில் கங்காணி வேலை என்று பெயர். பாடசாலைக்கு ஒழுங்கு வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஒழுங்கைக் காவல் செய்வதைத் தலைமைத்துவம் என அழைப்பதையே மறுக்கின்றோம். 1828 இல் றக்பி பாடசாலையின் தலைமையாசிரியரான தோமஸ் ஆர்னல்ட், ஆறாம் படிவ மாணவர் வழியாகப் பாடசாலையை ஆளும் முறையை வலுப்படுத்தினார். ஆர்னல்டாவது அம்மாணவரின் வாய்ச்சொல்லை நம்பினார். நாமோ நம்பிக்கையைக் கடலிலே கைவிட்டு, சின்னத்தையும் கழுத்துப்பட்டியையும் மட்டும் இறக்குமதி செய்துகொண்டோம்.

மாணவர் பாராளுமன்றங்களும் தோன்றியுள்ளன. தேர்தல் உண்டு, அமைச்சர்கள் உண்டு. தீர்மானிப்பதற்குத்தான் பெரும்பாலும் எதுவும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் 1924 இல் மாணவர் காங்கிரஸ் என்ற பெயரில் ஓர் இயக்கம் எழுந்தது. பின்னர் வாலிபர் காங்கிரஸ் என அறியப்பட்ட அதன் முன்னோடி ஹன்டி பேரின்பநாயகத்துக்கு அப்போது வயது இருபத்தைந்து. சாதி வேறுபாட்டையும் இனவாதத்தையும் எதிர்த்த அவ்வியக்கமே 1927 இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தது. 1931 இல் அரசாங்க சபைத் தேர்தலைப் புறக்கணிக்கச் செய்தது. அப்புறக்கணிப்புச் சரியா பிழையா என்பது இன்றும் வாதத்துக்குரியது. வாதத்துக்குரிய ஒன்றைத் துணிந்து செய்யும் இளைஞர் அன்று இருந்தனர் என்பதே இங்கு வேண்டுவது. இவர்களை எந்தப் பட்டறையும் உருவாக்கவில்லை.

இதற்கு மாறாக, 2011 இல் பல்கலைக்கழகம் புகவிருந்தோர் தலைமைத்துவப் பயிற்சி என்ற பெயரில் இராணுவ முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். கீழ்ப்படிதலும் தலைமையும் ஒன்றே என நம்பும் கல்விமுறை வேறெங்கு அனுப்பும்? பாடசாலையில் ஏவலுக்குப் பழகியவரே இங்கு வந்து, தமக்கு ஓராண்டு பிந்தியவரை ஏவுகின்றனர். பகிடிவதையைத் தடைசெய்யும் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் தண்டிக்கலாம். இந்தப் பழக்கத்தை அதனால் மாற்ற இயலாது.

உயர்தரப் பரீட்சையும் ரியூசனும் நேரத்தை விழுங்குகையில் இவற்றுக்கெல்லாம் அவகாசம் ஏது என்பர் பெற்றோர். வாரத்தில் ஒரு பாடவேளை போதும். உயர்தர மாணவர் மன்றத்தின் தலைவரை மாணவரே இரகசிய வாக்கால் தெரிவு செய்யட்டும். மன்றத்தின் பணத்தை அவர்களே செலவிட்டு, கணக்கைச் சபையிலே காட்டட்டும். பொறுப்பாசிரியர் பின்வரிசையில் அமரட்டும். கலைவிழாவொன்று அவர்கள் கையிலே குழம்பினால், அதிபர் மேடையேறி அதனை மீட்காதிருக்கட்டும். ஏன் குழம்பியது என்பதை அடுத்த கூட்டத்தில் அவர்களே விசாரிப்பார்கள்.