எல்லைக் கோட்டில் கரையும் தங்கவயலின் குரல்

தொகுதி மறுசீரமைப்பு குறித்த விவாதம் தில்லியில் மீண்டும் எழுந்துள்ளது. எந்த மாநிலத்துக்கு எத்தனை இடங்கள் கூடும், எந்த மாநிலத்துக்குக் குறையும் என்பதிலேயே கட்சிகளின் கவனம் குவிந்திருக்கிறது. ஆனால், ஒரு மாநிலத்துக்குள் தொகுதியின் எல்லை எங்கே வரையப்படுகிறது என்பதும் அதே அளவு முக்கியமானது. இதை உணர விரும்புவோர் கர்நாடகத்தின் கோலார் தங்கவயலின் வரலாற்றைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனம் இங்கு கால் பதித்தது. வட ஆர்க்காடு, சேலம் உள்ளிட்ட மாவட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் சாரை சாரையாக வந்தனர். அவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். பின்னாளில் 3 கிலோ மீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குச் சென்ற சுரங்கங்களைத் தோண்டியவர்கள் இந்த மக்களும் இவர்களுடைய வழித்தோன்றல்களும்தான்.

நிறுவனம் வந்த மறு ஆண்டே, 1881-இல், மைசூர் சமஸ்தானத்தில் பிரதிநிதிகள் சபை தோன்றியது. திவான் ரங்காச்சார்லு காலத்தில் 144 உறுப்பினர்களுடன் கூடிய அந்தச் சபை, இந்திய சமஸ்தானங்களில் ஒரு முன்னோடி என்று இன்றும் போற்றப்படுகிறது. ஆனால், நிலவுடைமையாளர்களும் வணிகர்களுமே அதில் இடம்பெற்றனர். பின்னர் தேர்தல் வந்தபோதும், வாக்குரிமை சொத்தையும் வரியையும் கல்வியையும் சார்ந்தே இருந்தது. கம்பெனி நிலத்தில், கம்பெனி கட்டிய லைன் வீட்டில் குடியிருந்தவனுக்கு ஏது சொத்து? ஏது வரி ரசீது?

தில்லியின் கதவும் அவனுக்குத் திறக்கவில்லை. 1927-இல் இங்கு திறக்கப்பட்ட நாடாளுமன்றக் கட்டடத்தில் அன்று கூடிய மத்திய சட்டப்பேரவை, பிரிட்டிஷ் இந்தியாவின் சபை. அதில் தொழிலாளர் சார்பில் என்.எம். ஜோஷியும், தாழ்த்தப்பட்டோர் சார்பில் எம்.சி. ராஜாவும் நியமன உறுப்பினர்களாகப் பேசினர். சமஸ்தானங்களுக்கு அங்கே இடமில்லை. சென்னை மாகாணத்தில் இருந்த உறவினர்களுக்காகப் பேச நியமன உறுப்பினர் ஒருவராவது இருந்தார். மாகாண எல்லையைத் தாண்டித் தங்கவயலுக்கு வந்தவர்களுக்காகப் பேச எவருமில்லை. வாக்கு இல்லாதவர்களுக்கு வேலைநிறுத்தம் ஒன்றே வாக்கு. 1930-இலும் 1946-இலும் அந்த ஆயுதத்தையே அவர்கள் ஏந்தினர். 1946 நவம்பர் 4 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் உயிரிழந்தனர்.

இதே காலத்தில் கடல் கடந்து இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர்களின் கதை தலைகீழாக அமைந்தது. டொனமூர் அரசியல் சட்டத்தின்படி 1931-இல் அங்கு வயது வந்தோர் வாக்குரிமை வந்தது. இந்தியத் தமிழர்களுக்கு அதில் சில கட்டுப்பாடுகள் இருந்தன. ஆயினும் ஹட்டன் தொகுதியிலிருந்து பெரி. சுந்தரம் அரசாங்க சபைக்குச் சென்று அமைச்சரானார். 1936-இல் அதே தொகுதியில் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் வென்றார். 1947 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு இடங்களைப் பிடித்தது. சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாவிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். தோட்டத் தொழிலாளர் செறிந்து வாழ்ந்த பகுதிகள் தனித் தொகுதிகளாக இருந்ததே இதற்குக் காரணம்.

1948 குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டு வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் அந்த மக்களின் வாக்கைப் பறித்தன. 1952-இல் ஏழு ஏழாக இல்லை, பூஜ்யமாயிற்று. மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினராகத் தொண்டமான் மீண்டும் நாடாளுமன்றம் செல்ல 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இலங்கையில் வாக்கு பறிபோன அந்த 1952-இல்தான் தங்கவயலுக்கு வாக்கு வந்தது. சுதந்திர இந்தியா செய்த மகத்தான நீதி அது. சுரங்க மக்கள் அதை வீணாக்கவில்லை. தொழிற்சங்கத் தலைவர் கே.எஸ். வாசன் கம்யூனிஸ்ட் கட்சி சார்பில் மைசூர் சட்டப்பேரவைக்குச் சென்றார். பின்னர் இந்தியக் குடியரசுக் கட்சியின் சி.எம். ஆறுமுகம் வென்றார். 1983, 1989, 1999 ஆகிய ஆண்டுகளில் அ.தி.மு.க.வின் மு. பக்தவத்சலமும், 1985-இல் மார்க்சிஸ்ட் கட்சியின் டி.எஸ். மணியும், 1994, 2004 ஆகிய ஆண்டுகளில் குடியரசுக் கட்சியின் எஸ். ராஜேந்திரனும் தேர்வாயினர். கர்நாடகத்தின் பிற தொகுதிகள் பெரிதும் கைவிட்ட கட்சிகள் இங்கே மாறி மாறி வென்றதற்குக் காரணம், ஒரே தொழிலும் ஒரே வாழ்க்கையும் கொண்ட மக்கள் ஒரே எல்லைக்குள் இருந்ததுதான்.

2001 பிப்ரவரி இறுதியில் மத்திய அரசின் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. வேலை போனது. வயிற்றுப்பாட்டுக்காக ஆயிரக்கணக்கானோர் அதிகாலை ரயிலேறிப் பெங்களூர் செல்லத் தொடங்கினர். தங்களுக்காக வாதாடும் பிரதிநிதி மிகவும் தேவைப்பட்ட அந்தக் காலத்தில்தான் தொகுதியின் எல்லையும் மாறியது. நீதிபதி குல்தீப் சிங் ஆணையத்தின் மறுசீரமைப்பின்படி 2008-இல் தேர்தல் நடந்தபோது, பக்கத்திலிருந்த பேத்தமங்கலா தொகுதி மறைந்து, அதன் கிராமங்கள் பல தங்கவயலோடு சேர்ந்தன. அதன்பின் நடந்த நான்கு தேர்தல்களில் இரண்டில் பா.ஜ.க.வும் இரண்டில் காங்கிரஸும் வென்றுள்ளன. பழைய சுரங்கக் கட்சிகளில் ஒன்றுகூட வெல்லவில்லை.

இதில் சதி இருந்ததாகக் கூற முடியாது. மக்கள்தொகையைச் சமன் செய்வது ஆணையத்தின் கடமை. கிராம விவசாயிக்கும் நகரத் தொழிலாளிக்கும் வாக்கின் மதிப்பு ஒன்றுதான். கட்சிகளின் சரிவுக்குச் சுரங்க மூடலும், இடப்பெயர்வும், அவற்றின் உட்பூசல்களும் காரணங்களே. வென்றவர்கள் தகுதியற்றவர்கள் என்பதும் நம் வாதமல்ல. ஆனால், குடியிருக்கும் லைன் வீட்டுக்கு உரிமைப் பத்திரம், நிலுவைத் தொகை, காற்றில் தூசு பறக்கும் சைனைடு மேடுகள் ஆகிய மூன்றும் சுரங்க மக்களுக்கே உரிய பிரச்சினைகள். அவற்றை மட்டுமே நம்பி ஒருவர் இன்று அந்தத் தொகுதியில் வெல்ல முடியுமா என்பதே கேள்வி.

2002-ஆம் ஆண்டு மறுசீரமைப்புச் சட்டம், நில அமைப்பு, நிர்வாக எல்லை, போக்குவரத்து வசதி, பொதுமக்களின் வசதி ஆகியவற்றைக் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. ஒரே தொழிலால், ஒரே துயரால் பிணைந்த சமூகத்தைச் சிதறடிக்கக் கூடாது என்று அது வெளிப்படையாகச் சொல்லவில்லை. அடுத்த ஆணையத்துக்கான சட்டத்தில் இந்த வரியைச் சேர்க்க வேண்டும். தங்கவயலுக்கு மட்டுமன்றித் தோட்டம், மீன்பிடிப்பு, நெசவு என ஒரு தொழிலைச் சார்ந்த எந்தப் பகுதிக்கும் அது காப்பாக அமையும்.

வரைவு எல்லைகள் வெளியானபின் பொது விசாரணை நடத்த வேண்டும் என்பது சட்டம். இறுதி ஆணை வந்துவிட்டால் அதை நீதிமன்றத்தில் எதிர்க்கும் வாய்ப்பு மிகக் குறைவு. எனவே, பேச வேண்டிய இடம் அந்த விசாரணை மேடைதான். தில்லியில் இடங்களை எண்ணிக்கொண்டிருக்கும் தமிழக உறுப்பினர்களும் கர்நாடக உறுப்பினர்களும் அந்த மேடையையும் நினைவில் கொள்ளட்டும். வாக்கைப் பறித்தால் ஊரறியும். எல்லையைச் சற்றே நகர்த்தினால் யாரும் அறிவதில்லை. எழுபது ஆண்டு காத்திருந்து வாக்குப் பெற்ற மக்களுக்கு அதன் வலிமையையும் காத்துத் தருவது நாடாளுமன்றத்தின் கடமை.