பட்டியலில் இல்லாத பெயர்

பதினான்கு வயதில் அணித் தேர்வில் பெயர் வராவிட்டால், மட்டையைப் பரண்மேல் ஏற்றிவிடும் பெற்றோர் நங்கநல்லூரிலும் உண்டு. அவர்கள் வருண் சக்கரவர்த்தியை எண்ணிப் பார்க்கட்டும். இளையோர் அணிகளில் இடம் கிடைக்காமல், பதினேழு வயதில் ஆட்டத்தையே விட்டவர் அவர். எஸ்.ஆர்.எம்.மில் கட்டடக்கலை பயின்று, அத்தொழிலும் செய்தார். பின்னர் கிளப் கிரிக்கெட்டுக்குத் திரும்பி, முழங்கால் காயத்துக்குப்பின் சுழற்பந்துக்கு மாறி, சென்னையின் நான்காம் டிவிஷனில் பந்து வீசினார். (அந்த ஆட்டங்களை யார் பார்க்கிறார்கள்!) 2018 டிசம்பர் ஏலத்தில் பஞ்சாப் அணி 8.4 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2025 மார்ச்சில், 33 வயதில், துபாயில் நியூசிலாந்தின் ஐந்து விக்கெட்டுகளை வீழ்த்தினார்.

படிப்பைக் குறைக்க நாம் சொல்லவில்லை. அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட அந்த ஆட்ட நேரத்தைப் பிள்ளைகளிடமிருந்து பறிக்க வேண்டாம் என்றே கேட்கிறோம்.