கழியும் உள்ளானும்

மகாவலி கங்கையின் நீளம் யாதெனில், 335 கிலோமீற்றர் என்று நம் மாணாக்கர் தயங்காது விடை கூறுவர். அக்கங்கை கொட்டியாரக்குடாவிற் கலக்குமிடத்துச் சேற்றிலே மேயும் சிறுபறவை யாதென்று வினவினாலோ, ‘ஏதோ உள்ளான்’ என்பர். ஆசிரியராகிய நாமும் அவ்வளவில் அமைந்துவிடுகின்றோம். கருப்பொருள்களுள் புள்ளும் ஒன்றெனத் தொல்காப்பியங் கற்பிக்கும் நமக்கு இது தகுமா?

நம் கரைக்கு வரும் உள்ளான்களுள் ஒருவகை, மூக்கு நுனி சற்றே கீழ்நோக்கி வளைந்தது. இங்கே சாம்பல் நிறத்தது. அதன் பிறந்தகமோ சைபீரியாவின் வடகோடி. லேனா என்னும் பேராறு 4,000 கிலோமீற்றருக்கு மேல் ஓடி ஆர்க்டிக் பெருங்கடலைச் சேரும் கழிமுகத்திலும், அதற்கு மேற்கேயுள்ள தைமிர் தீவகற்பத்திலும் அது கூடுகட்டுகின்றது. ஆண்டில் ஏறத்தாழ எட்டுத் திங்கள் அவ்வாறு உறைந்து கிடக்கும். மரமென ஒன்று ஓங்கி வளராத, பாசியும் குறுஞ்செடியும் படர்ந்த நிலம். ஜூன் மாதத்திற் பனி உருகப் பூச்சியினங்கள் பெருகும். அச்சில வாரங்களுக்குள் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தாகவேண்டும். அப்போது அப்பறவையின் மார்பு செங்கல் நிறங் கொள்ளும். பெண் அடைகாக்கத் தொடங்கியதும் ஆண் தெற்கே புறப்பட்டுவிடும். பின்னர்த் தாயும் போய்விடும். குஞ்சுகள், வழிகாட்டுவாரின்றி, தாம் கண்டறியாத கரைகளை நாடிப் பிந்திப் பறக்கின்றன. பாலைத்திணை கற்றோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக!

2024ஆம் ஆண்டில் இவ்வினம் உலக அளவில் அழிவுக்கு இலக்காகக்கூடியவற்றின் வரிசையிற் சேர்க்கப்பட்டது. சீன, கொரியக் கரைகளிலே சேற்றுவெளிகளைத் தூர்த்தமை அதற்கொரு காரணம் என்பர். அவ்வழிச் செல்லுங் கூட்டம் வேறு. எனினும் சேறு இன்றேல் இப்பறவைக்கு எங்கும் உணவில்லை.

நாமோ நிலத்தைத் தூர்க்குமுன் அதன் பெயரைத் தூர்த்துவிட்டோம். சங்கப் புலவர் கழியென்று பாடியதை வெறுஞ்சேறு, பயனற்ற நிலம் என்கின்றோம். குப்பை கொட்டுவார்க்கு அச்சொல்லே அனுமதிப் பத்திரமாகின்றது. (கழியெனின் கழிவென்றே பொருள்கொள்ளும் மாணாக்கரும் உளர்.)

ஆதலின், நெய்தலைக் கரும்பலகையோடு முடித்துவிடாது, மூதூர், கிண்ணியா, திருகோணமலைப் பாடசாலைகளின் தமிழாசிரியர்கள் தம் மாணாக்கரை ஒருநாட் காலையேனும் கழிக்கரைக்கு அழைத்துச் செல்லல் வேண்டும். பரீட்சைக்கு வாராதே என்பர் சிலர். வாராதுதான், பரீட்சைக்கு வருவன மட்டுமே தமிழென்று யார் வகுத்தார்? மாரி வெள்ளம் வடிந்த மாசி மாதம் ஏற்றது. சித்திரைத் தொடக்கத்திற் சென்றால், மார்பிலே செந்நிறம் ஏறத் தொடங்கிய சிலவற்றையுங் காணலாம். வைகாசியிற் பெரும்பாலானவை வடக்கே போயிருக்கும்.