தோளுக்கு வரும் உதை

போன ஞாயிற்றுக்கிழமை தேக்கா உணவங்காடியில் அக்காவோடும் அவர் மகனோடும் சாப்பிட உட்கார்ந்தேன். பையன் அடுத்த மாதம் தேசிய சேவைக்குப் போகிறான். முன்னால் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. அவன் கை வைக்கவில்லை.

“மாமா, சுடும்போது துப்பாக்கி தோளை உடைச்சிடுமாமே?”

நண்பர்கள் யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அக்கா முகத்தில் அவனைவிட அதிகக் கலவரம்.

நான் படித்தது ஊடகத் துறை; பிழைப்பது வானொலியில் பேசி. ஆனாலும் இந்தக் கேள்விக்கு என் தோளுக்குப் பதில் தெரியும். முதல் சுடும் பயிற்சியில் உதைக்குப் பயந்து, துப்பாக்கியைத் தோளில் ஒட்டாமல் விரல்கடை இடைவெளி விட்டுப் பிடித்தேன். இரண்டு நாள் தோள் கன்றிப்போய்க் கிடந்தது. அடுத்த முறை பயிற்சியாளர் சொன்னபடி தோளோடு இறுக்கிப் பிடித்தேன். அதே துப்பாக்கி, அதே தோட்டா. யாரோ லேசாகத் தள்ளியது போலத்தான் இருந்தது.

காரணம் நியூட்டன் 1687ல் எழுதிவைத்த மூன்றாம் விதி. விசையை இழுத்ததும் தோட்டாவுக்குள் மருந்து எரிந்து வாயுவாகிறது. அந்த வாயு குண்டை முன்னே தள்ளுகிறது. அதே அளவு துப்பாக்கியைப் பின்னே தள்ளுகிறது. குண்டு ஏறத்தாழ 4 கிராம். நம் எஸ்ஏஆர் 21 துப்பாக்கி ஏறத்தாழ 4 கிலோ. ஆயிரம் மடங்கு எடை என்பதால் வேகம் ஆயிரத்தில் ஒரு பங்கு. குண்டு நொடிக்கு 900 மீட்டரில் பறந்தால், அதனால் துப்பாக்கி பின்னே வருவது நொடிக்கு ஒரு மீட்டருக்கும் குறைவாக. வெளியேறும் வாயுவும் கொஞ்சம் கூட்டும். அப்படியும் சிராங்கூன் சாலையில் நாம் நடக்கும் வேகம்தான்.

இடைவெளி விட்டால் அந்த 4 கிலோ வேகமெடுத்து வந்து சுத்தியல்போல் அடிக்கும். இறுக்கிப் பிடித்தால் உங்கள் உடம்பின் எடையும் துப்பாக்கியோடு சேர்ந்துவிடும்.

உதையை நேரத்தில் பரப்பியும் குறைக்கலாம். எம்ஆர்டி சட்டென நின்றால் தடுமாறுகிறோம். மெல்ல நின்றால் தெரிவதில்லை. இந்த உத்தியில் சிங்கப்பூரிலேயே உருவானது அல்டிமேக்ஸ் 100 இயந்திரத் துப்பாக்கி. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்க வடிவமைப்பாளர் ஜேம்ஸ் சல்லிவன், சார்ட்டர்ட் இண்டஸ்ட்ரீஸ் ஆஃப் சிங்கப்பூர் நிறுவனத்துக்காக வடிவமைத்தார். ஒவ்வொரு முறை சுடும்போதும் உள்ளே பின்னோக்கி ஓடும் போல்ட், பின்சுவரில் முட்டுவதற்குள் சுருள்வில் அதை மெல்ல நிறுத்திவிடும். சுடுபவருக்குக் குத்துகளுக்குப் பதில் ஒரே சீரான தள்ளல்.

“அப்ப படத்துல சுட்டதும் வில்லன் பறந்து போறானே?”

“குண்டுக்கு அவ்வளவு தள்ளுற சக்தி இருந்தா, சுட்ட ஹீரோவும் பின்னால பறந்திருக்கணும்டா.”

சிரித்தான். சிரிப்பு அடங்கியதும் முக்கியமானதைச் சொன்னேன். இரு பக்கமும் தள்ளல் ஒன்றுதான், ஆற்றல் ஒன்றல்ல. துப்பாக்கி தோளுக்குக் கொண்டுவருவது சில ஜூல். குண்டு எடுத்துப்போவது சுமார் 1,600 ஜூல், அதுவும் சுண்டுவிரலைவிடச் சிறிய முனையில். “நீ பயப்பட வேண்டியது தோளுக்கு இல்லடா. குழல் எந்தப் பக்கம் பார்க்குதுங்கறதுக்கு. அந்தப் பயம் கடைசி நாள் வரைக்கும் இருக்கணும்.”

தலையாட்டினான்.

அக்காவின் காதில் விழுந்தது வேறு. “உடம்புல எடை இருந்தா உதை குறையும்னுதானே சொன்னே? டேய், சாப்பிடு!” தன் தட்டிலிருந்த கோழித் துண்டையும் அவன் தட்டுக்குத் தள்ளினார்.

அவன் தெக்கோங் போகும் நாளில் நானும் கூடப் போகிறேன். திரும்பும் படகில் அக்கா தனியாக இருக்கக்கூடாது.