தவறு யாருடையது என்று சட்டம் கேட்காது

ஏரிக் குப்பம் ஒன்றில் மளிகைக் கடை நடத்துபவர், ஒரு மூட்டை அரிசிக்கு இரண்டு கூலி கொடுத்துப் பழகியவர். பொன்னேரியிலிருந்து பழவேற்காடு வரை லோடு ஆட்டோவுக்கு ஒரு கூலி. அங்கிருந்து ஏரியைக் கடக்கப் படகுக்கு ஒரு கூலி. பழவேற்காடு ஏரியை ஒட்டிய குப்பங்களில் கடை வைத்திருப்போர் பலருடைய அனுபவம் இதுதான். வழியில் விபத்து நடந்தால் யார் பணம் கொடுப்பது, யாருக்குப் பணம் கிடைக்கும் என்பதை மட்டும் நம்மில் பெரும்பாலோர் யோசித்துப் பார்ப்பதில்லை. விபத்து நடந்த பிறகு யோசித்துப் பயனில்லை என்பதால் இதை எழுதுகிறோம்.

"நம் பேரில் தவறு இல்லாவிட்டால் நாம் ஏன் பணம் கட்ட வேண்டும்?" என்பது வியாபாரிகள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தில் ஒரு பகுதி இந்தக் கேள்வியையே ஒதுக்கி வைத்துவிட்டது. விபத்தில் ஒருவர் இறந்தாலோ கொடுங்காயம் அடைந்தாலோ, தவறு யாருடையது என்று பார்க்காமல் ஒரு குறிப்பிட்ட தொகை கொடுத்தாக வேண்டும் என்கிறது அது.

இது புதிய ஏற்பாடு அல்ல. பழைய 1939ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே 1982இல் இது சேர்க்கப்பட்டது. அப்போது இறந்தவர் குடும்பத்துக்கு 15,000 ரூபாய். நிரந்தர ஊனத்துக்கு 7,500 ரூபாய். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 140ஆவது பிரிவு இதை 25,000 என்றும் 12,000 என்றும் உயர்த்தியது. 1994 திருத்தத்தில் 50,000 என்றும் 25,000 என்றும் ஆயிற்று. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 140ஆவது பிரிவை நீக்கிவிட்டு, 164ஆவது பிரிவைப் புதிதாக எழுதியது. 2022 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. இதன்படி மரணத்துக்கு 5 லட்சம், எலும்பு முறிவு போன்ற கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். வாகன உரிமையாளரோ, அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனியோ இதைக் கொடுக்க வேண்டும். கேட்பவர், ஓட்டுநரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியதில்லை.

இதில் வியாபாரிகள் முதலில் பார்க்க வேண்டியது கொடுக்கும் பக்கம். நம் லோடு ஆட்டோவின் குறுக்கே ஒருவர் திடீரென்று ஓடி வந்து அடிபட்டு இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநர் பேரில் எள்ளளவும் தவறு இல்லை. ஆனாலும் அந்தக் குடும்பம் 164ஆவது பிரிவில் 5 லட்சம் கேட்கலாம். பாலிசி உயிரோடு இருந்தால் கம்பெனி கட்டும். போன வாரம் காலாவதியாகி, "தீபாவளி வியாபாரம் முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று நாம் விட்டிருந்தால், அந்த 5 லட்சமும் கடைக் கல்லாவிலிருந்துதான் போக வேண்டும். கல்லாவில் இல்லையென்றால் கடையை விற்றுக் கொடுக்க வேண்டும். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 196ஆவது பிரிவு சொல்வதை எல்லோரும் அறிவார்கள். நாம் அஞ்ச வேண்டியது அந்த 2,000 ரூபாய்க்கு அல்ல.

இனி வாங்கும் பக்கம். நம்மில் ஒருவர் டி.வி.எஸ். 50இல் போகும்போது லாரி மோதி இறந்துவிட்டால், குடும்பத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 164ஆவது பிரிவில் 5 லட்சம். மற்றொன்று, 166ஆவது பிரிவில் தீர்ப்பாயத்துக்குப் போய், லாரி ஓட்டுநரின் தவற்றை நிரூபித்து, வருமானத்தைக் கணக்கிட்டு முழு நஷ்ட ஈடு கேட்பது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பழைய 140ஆவது பிரிவில் 50,000 ரூபாயை முதலில் வாங்கிக்கொண்டு மீதிக்கு வழக்கு நடத்தலாம். புதிய சட்டத்தில் அப்படி இல்லை. சட்டத்தில் சொன்ன முறைப்படி 164இன் தொகையை ஏற்றுக்கொண்டால், தீர்ப்பாயத்தில் போட்ட மனு காலாவதியாகிவிடும்.

எது லாபம் என்பதை வியாபாரக் கணக்காகவே பார்ப்போம். 38 வயதுக் கடைக்காரர். மாத வருமானம் 15,000 ரூபாய். மனைவியும் இரண்டு குழந்தைகளும் அவரை நம்பியவர்கள். ஆண்டு வருமானம் 1,80,000. சுயதொழில் செய்பவர் 40 வயதுக்குக் கீழ் என்றால், எதிர்கால வருமானத்துக்காக 40 சதவீதம் சேர்க்கச் சொல்கிறது உச்ச நீதிமன்றத்தின் 2017ஆம் ஆண்டு பிரணய் சேத்தி தீர்ப்பு. ஆக 2,52,000. அவருடைய சொந்தச் செலவுக்காக மூன்றில் ஒரு பங்கு கழித்தால் 1,68,000. அந்த வயதுக்கு உரிய பெருக்கு எண் 15 என்கிறது 2009ஆம் ஆண்டு சரளா வர்மா தீர்ப்பு. பெருக்கினால் 25,20,000 ரூபாய். மற்ற இனங்கள் இதற்கு மேல் சேரும். 5 லட்சம் எங்கே, 25 லட்சம் எங்கே!

ஆனால் இந்தக் கணக்கு நிற்பதற்கு இரண்டு கால்கள் வேண்டும். எதிர் வண்டியின் தவறு நிரூபணமாக வேண்டும். வருமானத்துக்குத் தாள் வேண்டும். வருமான வரிக் கணக்கு, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், வங்கிப் புத்தகம் எதுவும் இல்லாமல் "நல்ல வியாபாரம் நடந்தது" என்று சாட்சிக் கூண்டில் சொன்னால் எடுபடாது. கணக்கு எழுதுவது வரிக்காரருக்காக மட்டும் என்று நினைத்திருந்தால், அது நம் பிள்ளைகளுக்காகவும்தான் என்பதை இனியாவது உணர வேண்டும். தவறு நம்மவருடையது என்று தெரிந்தாலோ, சாட்சியே இல்லை என்றாலோ, 164இன் 5 லட்சமே உத்தமம். எதுவானாலும் விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட்டுவிடுங்கள். இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போயிருக்கிறது என்றாலும், அதை நம்பிக் காலம் கடத்த வேண்டாம். குடியிருக்கும் ஊருக்கோ தொழில் செய்யும் ஊருக்கோ உரிய தீர்ப்பாயத்திலேயே மனு கொடுக்கலாம்.

மோதிய வண்டி நிற்காமல் ஓடிவிட்டால்? அதற்கும் வழி உண்டு. 161ஆவது பிரிவின்படி மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். இதற்கு வழக்கு வேண்டாம். வருவாய்த் துறை அதிகாரியிடம் விண்ணப்பித்தால் விசாரணைக்குப் பின் மாவட்ட ஆட்சியர் உத்தரவிடுவார். போலீசில் புகார் பதிவாகியிருப்பது முக்கியம்.

இந்தச் சட்டம் கைகொடுக்காத இடங்களும் உண்டு. வண்டியை ஓட்டிய உரிமையாளர் தானே சறுக்கி விழுந்தால் 164 உதவாது. அதற்குத்தான் பாலிசியோடு வரும் 15 லட்ச ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பு. அதற்கு ஓட்டுநர் உரிமம் இருக்க வேண்டும். கடைப்பையன் நம் வண்டியை எடுத்துப் போய்த் தானே விழுந்தால், அவன் உரிமையாளரின் இடத்தில் இருப்பவன் என்று நீதிமன்றங்கள் கருதுகின்றன. மூன்றாம் நபர் ஆகமாட்டான். அவனுக்காகக் கூடுதல் பிரீமியம் கட்டியிருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். சரக்கு வண்டியில் சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய ஆளோ சட்டப்படி வரலாம். போகிற வழியில் தெரிந்தவர் என்று இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் 2002இல் ஆஷா ராணி வழக்கில் சொல்லிவிட்டது. அந்த இரக்கத்தின் விலை வண்டிக்காரர் தலையில் விழும்.

கடைசியாக, அந்தக் குப்பத்துக் கடைக்காரரின் இரண்டாவது கூலிக்கு வருவோம். 164ஆவது பிரிவு மோட்டார் வாகனத்துக்கு உரியது, படகுக்கு அல்ல. சாலையில் கூட வந்த பாதுகாப்பு ஏரிக்கரையில் இறங்கிக்கொள்கிறது. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததை நாம் மறக்கவில்லை. சாலையில் போனவர் உயிருக்கு, தவறு யாருடையது என்று கேட்காமல் சட்டம் ஒரு விலை வைத்திருக்கிறது. தண்ணீரில் போகும் உயிருக்கும் அதே முறை வேண்டும் என்பது நம் கருத்து. ஆள் ஏற்றும் படகுகளுக்குப் பயணிகள் காப்பீட்டைக் கட்டாயமாக்கி, அதை நடைமுறையிலும் கண்காணிக்க வேண்டும். 1994இல் வைத்த 50,000 ரூபாய் 2022 வரை 50,000 ஆகவே கிடந்தது. அரிசி விலை அப்படியா நின்றது? இன்றைய 5 லட்சத்துக்கும் அந்தக் கதி வராமல் விலைவாசியோடு சேர்த்து உயர்த்த வேண்டும்.

அரசு செய்யும் வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயது வரையிலான எவரும் ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டி, பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் 2 லட்ச ரூபாய் விபத்துக் காப்பு பெறலாம். அது சாலை, ஏரி என்று பேதம் பார்ப்பதில்லை. கடையில் வேலை செய்பவருக்கும், மூட்டை ஏற்றி இறக்குபவருக்கும் நாமே அந்த 20 ரூபாயைக் கட்டலாம். ஒரு டீ, வடைக் காசு.

இதைப் படித்து முடித்ததும், வண்டியின் பாலிசியை எடுத்து முடிவுத் தேதியைப் பாருங்கள். அந்தத் தேதியைக் கடைச் சுவரில் தொங்கும் காலண்டரில் குறித்து வையுங்கள்.